ஹாஷ் எதற்குச் சாட்சி?

இணையச் சேவையொன்றின் பின்புலத்தில் இயங்கும் மென்பொருளில் பெரும்பகுதி, பிறர் எழுதிப் பொதுக் களஞ்சியங்களில் வைத்துள்ள 'சார்புகள்' என்னும் நிரல்தொகுப்புகளே. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரித் தொகுப்பை அதன் ஆசிரியர் என்பிஎம் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதன் பெயரையே அறியாத பல திட்டங்களும் முடங்கின. ஏனெனில் ஒரு சார்பு வேறு சார்புகளையும் இழுத்துவருகிறது.

பதிப்பைத் தளர்வாகக் குறித்தால் இன்று ஒன்றும் நாளை வேறொன்றும் வந்திறங்கும் என்பதால், மறைமுகச் சார்புகள் உட்பட ஒவ்வொன்றின் துல்லியமான பதிப்பையும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் 'ஹாஷ்' என்ற அடையாளக் குறியையும் பூட்டுக்கோப்பு பதிவுசெய்கிறது. ஒரு பிட் மாறினாலும் ஷா-512 முறை தரும் ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடுவதால், பதிவோடு பொருந்தாத தொகுப்பை நிறுவுநிரல் மறுத்துவிடும்.

ஆயினும் ஹாஷ், வந்தது அதே பொருள்தான் என்று சொல்லுமேயன்றி, நல்ல பொருள் என்று சொல்லாது. இவ்வேறுபாடு வியப்பூட்டும் அளவுக்கு அடிக்கடி மறக்கப்படுகிறது. 2024-இல் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச்சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கண்டறியப்பட்ட 'பின்கதவு' என்னும் இரகசிய நுழைவழி, பராமரிப்பாளர் உரிமை பெற்றிருந்தவராலேயே நுழைக்கப்பட்டது. அதை இயக்கிவைக்கும் வரிகள் வெளியீட்டுக் கோப்பில் மட்டும் இருந்தன, பொதுக் களஞ்சியத்தின் மூலநிரலில் இல்லை. வெளியிடப்படும் கோப்பு மூலநிரலிலிருந்தே உருவானதா என்பதைத் தனியே சரிபார்க்க, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் போன்ற திட்டங்கள், ஒரே மூலநிரலைத் தனித்தனிக் கணினிகளில் கட்டி, விளைவுகள் பிட்டுக்குப் பிட்டு ஒத்துள்ளனவா எனச் சோதிக்கின்றன. அதற்கு, கட்டப்பட்ட நேரத்தைக் கோப்பில் பொறிக்கும் சாதாரண வழக்கம்கூடக் கைவிடப்பட வேண்டியிருக்கிறது.