முழுநிலவில் எரிக்க முடியாத பெயர்

சில மாதங்களுக்கு முன் ஒரு போயா தினத்துக்கு முதல்நாள் இரவு லண்டனில் இருக்கும் என் பெறாமகளிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல்செய்தி வந்தது. "சின்னம்மா, நாளைக்கு முழுநிலா. விட வேண்டியதை ஒரு பேப்பரிலை எழுதி எரிக்கோணும். நான் அப்பாவின்ர பேரை எழுதலாமோ? அம்மாட்டைக் கேக்கப் பயமாயிருக்கு."

அவளுக்கு வயது 17. அவளுடைய அப்பா, என் அக்காவின் கணவர், 2009 மே மாதத்தில் விசாரணைக்கென்று கூட்டிச் செல்லப்பட்டவர். திரும்பி வரவில்லை. அப்போது இவளுக்கு ஒரு வயது.

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவள் கொஞ்சக் காலமாகத் தன்னை 'விட்ச்' என்று சொல்லிக்கொள்கிறாள் என்பது எனக்குத் தெரியும். வயதுக் கோளாறு, டிக்டொக் பார்த்துக் கெட்டுப்போகிறாள் என்று அக்கா குறைப்பட்டுக்கொண்டதும் தெரியும். ஆனால் அது என்ன வாழ்க்கை, அதில் நிலவுக்கு என்ன வேலை என்று நான் தேடிப் பார்த்ததில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தேடினேன். புலம்பெயர் நாடுகளில் பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளுக்கும் இது பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

சூனியக்காரி என்று தன்னைத்தானே அழைப்பது

நமக்குச் சூனியம் என்றால் செய்வினை. முட்டையும் தேசிக்காயும் முச்சந்தியில் கிடந்தால் விலத்தி நடப்போம். சூனியக்காரி என்பது அடுத்தவர் மேல் எறியும் சொல். யாரும் தனக்குத்தானே சூட்டிக்கொள்வதில்லை. மேற்கு நாடுகளிலும் நூற்றாண்டுகளாக அப்படித்தான் இருந்தது. அது மாறத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்தில்.

1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் பிரித்தானியாவில் 1951இல் நீக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளின் பின், 1954இல், ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் இன்றைய சூனியம் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். 'விக்கா' என்று இன்று அழைக்கப்படும் சமயம் பெருமளவில் அவரிடமிருந்தே பரவியது. 1884இல் பிறந்த கார்ட்னர், இளவயதில் இலங்கைக்கு வந்து மலையகத் தேயிலைத் தோட்டங்களில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். பின்னர் மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்தார். ஓய்வுபெற்று நாடு திரும்பிய பிறகுதான் இந்தப் பாதைக்கு வந்தார். அவருடைய குழுவில் இருந்த டொரீன் வாலியன்ட் என்ற பெண் வழிபாட்டுப் பாடங்கள் பலவற்றை எழுதிச் சீராக்கினார்.

விக்காவில் சாத்தான் இல்லை. ஒரு பெண் தெய்வமும் ஓர் ஆண் தெய்வமும் உண்டு. யாருக்கும் தீங்கு செய்யாதே என்பதுதான் அடிப்படை விதி. தொடக்கத்தில் தீட்சை பெற்றவர்கள் மட்டும் கூடும் சிறு குழுக்களாகவே இருந்தது. 1988இல் அமெரிக்கரான ஸ்கொட் கன்னிங்ஹாம், தனியாக இருந்து கடைப்பிடிப்பவர்களுக்கென ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். குருவும் குழுவும் இல்லாமல் ஓர் அறையும் ஒரு மெழுகுதிரியும் போதும் என்ற நிலை வந்தது. இன்று சமூக ஊடகங்களில் நாம் பார்க்கும் இளம் பெண்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவர்கள். அவர்களில் பலர் விக்கா என்ற சமயத்தைக்கூட ஏற்பதில்லை. சடங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 74,000 பேர் தங்களை 'பேகன்' என்றும், 13,000 பேர் 'விக்கா' என்றும் பதிந்திருந்தார்கள்.

நிலவுடன் வாழ்வது

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29 நாட்களும் 12 மணித்தியாலங்களும் 44 நிமிடங்களும். இந்தச் சுற்றைத்தான் அவர்கள் வாழ்க்கையின் ஒழுங்காக வைத்துக்கொள்கிறார்கள்.

அமாவாசை கழிந்து மெல்லிய பிறை தெரியும் நாட்கள் தொடக்கத்துக்கானவை. இந்த மாதம் என்ன வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பார்கள். வளர்பிறை, தொடங்கியதை வளர்க்கும் காலம். முழுநிலவு நிறைவுக்கும் நன்றிக்கும் உரியது. விக்கா குழுக்கள் கூடும் முக்கிய இரவு அதுதான். சில ஆண்டுகளில் 12, சில ஆண்டுகளில் 13 முழுநிலவுகள் வரும். தேய்பிறை விடுவதற்கானது: கெட்ட பழக்கம், முறிந்த உறவு, கோபம். எழுதி எரிப்பது இந்தக் காலத்துக்குரிய சடங்கு. முழுநிலவோடு தேய்வு தொடங்குவதால் பலர் அந்த இரவிலேயே எரித்துவிடுகிறார்கள். நிலவே தெரியாத இரவில் ஒன்றும் செய்யாமல் ஓய்ந்திருப்பார்கள்.

வளர்பிறை கன்னி, முழுநிலவு தாய், தேய்பிறை கிழவி என்று பெண் தெய்வத்தின் மூன்று உருவங்களாகவும் நிலவைப் பார்க்கிறார்கள். இந்த எண்ணத்தைப் பரவலாக்கியது கவிஞர் ரொபர்ட் கிரேவ்ஸ் 1948இல் வெளியிட்ட நூல்.

வாசித்துக்கொண்டு போகையில் எனக்கு வியப்பை விடப் பழக்கமே கூடத் தெரிந்தது. வளர்பிறையில் நாள் வைப்பதும் தேய்பிறையில் தவிர்ப்பதும் நம் வீடுகளில் பஞ்சாங்கம் பார்க்கும் அம்மம்மாக்கள் செய்ததுதான். தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. கீரிமலையில் தீர்த்தமாடி, வீட்டில் காத்தோட்டிக்காய் பொரித்துப் படைக்கும் ஒரு சமூகத்துக்கு நிலவோடு வாழ்வது புதிதல்ல.

ஒரு வேறுபாடு உண்டு. நம்முடைய நாட்கள் இறந்தவர்களோடும் ஊரோடும் கட்டப்பட்டவை. அங்கே எல்லாம் 'நான்' என்பதைச் சுற்றியே நடக்கிறது: என் விருப்பம், என் காயம், என் விடுதலை. இதைச் சுற்றி ஒரு சந்தையும் இருக்கிறது. கல், மெழுகுதிரி, சீட்டுக்கட்டு, மாதச் சந்தா. நினைத்தது நடக்காவிட்டால் நீ சரியாக நினைக்கவில்லை என்று பழியைப் பிள்ளையின் தலையிலேயே போடும் போதகர்களும் இருக்கிறார்கள். பெற்றோர் கவனிக்க வேண்டியது நிலவை அல்ல, இதைத்தான்.

எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள்?

இன்றைய விட்ச்களில் பலர் தங்களை ஐரோப்பாவில் கொல்லப்பட்ட பெண்களின் வாரிசுகளாகப் பார்க்கிறார்கள். தங்கள் சடங்குகள் கிறிஸ்தவத்துக்கு முந்திய பழைய சமயம், மறைந்திருந்து உயிர்தப்பியது என்றும், 90 இலட்சம் பேர் எரிக்கப்பட்டார்கள் என்றும் சொல்வதுண்டு.

இரண்டையும் வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை. மறைந்திருந்த பழைய சமயம் என்ற கருத்தை 1921இல் மார்கரட் மரே முன்வைத்தார். ஆவணங்கள் அதைத் தாங்கவில்லை. ரொனால்ட் ஹட்டன் 1999இல் வெளியிட்ட ஆய்வு, விக்கா நவீன காலத்தில் உருவான சமயம் என்பதை விரிவாகக் காட்டியது. கொல்லப்பட்டோர் தொகை பொதுவாக 40,000க்கும் 60,000க்கும் இடையில் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலானோர் எந்தச் சடங்கும் செய்தவர்களல்ல. அயலவரின் மாடு செத்ததற்கும் கடலில் படகு கவிழ்ந்ததற்கும் பழி சுமத்தப்பட்ட சாதாரண மனிதர்கள். நித்திரை கொள்ள விடாமல் வைத்தும் வதைத்தும் வாக்குமூலம் வாங்கினார்கள். வதைத்து வாங்கும் வாக்குமூலம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

எண்ணிக்கை பற்றிய சண்டையும் நமக்குப் பழக்கமானது. நமது இழப்பைக் குறைத்துச் சொல்பவர்களோடு ஆண்டாண்டாக வாதிடுகிறோம். ஆனால் கூட்டிச் சொல்லும் எண்ணும் இறந்தவர்களுக்கு உதவாது. 90 இலட்சம் என்ற எண்ணில் ஒரு முகமும் தெரிவதில்லை.

வார்டோவில் 91 விளக்குகள்

முகம் தெரியும் இடம் ஒன்று நோர்வேயின் வட கோடியில் இருக்கிறது. 1980களில் நம்மவர்கள் பலர் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குப் போன அதே பின்மார்க் பகுதி. அங்கே 17ஆம் நூற்றாண்டில் சூனியக் குற்றச்சாட்டில் 91 பேர் கொல்லப்பட்டார்கள். 77 பெண்கள், 14 ஆண்கள். 2011இல் வார்டோ என்ற சிறு நகரின் கடற்கரையில் அவர்களுக்கு ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. 125 மீற்றர் நீளமான ஒரு ஒடுங்கிய மண்டபம். அதில் 91 சிறு யன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. ஒவ்வொரு விளக்கின் அருகிலும் ஒருவரின் பெயரும், என்ன குற்றம் சாட்டப்பட்டது, என்ன வாக்குமூலம் வாங்கப்பட்டது என்ற விவரமும் உண்டு. அந்த விவரங்களை வரலாற்றாசிரியர் லிவ் ஹெலேன வில்லும்சென் நீதிமன்றப் பதிவுகளிலிருந்து எடுத்து எழுதினார்.

ஸ்கொட்லாந்தில் 1563 முதல் 1736 வரை நடைமுறையில் இருந்த சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 4,000 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2022 மார்ச் 8ஆம் திகதி அப்போதைய முதலமைச்சர் நிக்கொலா ஸ்டேர்ஜன் நாடாளுமன்றத்தில் அதற்காக மன்னிப்புக் கேட்டார். கேட்பதற்கு அன்று அவர்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உயிரோடு இல்லை. அவ்வளவு பிந்திய மன்னிப்பு.

ஆனாலும் இரண்டு இடத்திலும் ஒன்று பொதுவாக இருந்தது: பதிவு. யாரைப் பிடித்தார்கள், எப்போது, என்ன செய்தார்கள் என்பது எழுதப்பட்டிருந்தது. கொன்றவர்கள் எழுதியதுதான். ஆனாலும் அது இருந்தபடியால்தான் 300 ஆண்டுகளின் பின்னும் ஒரு பெயருக்கு ஒரு விளக்கு வைக்க முடிந்தது.

திதி இல்லாதவர்கள்

இப்போது பெறாமகளின் கேள்விக்கு வருகிறேன்.

எழுதி எரிக்கும் சடங்கை நான் இழிவாகப் பார்க்கவில்லை. மனதில் கிடப்பதைச் சொல்லாக்கி, ஒரு நாள் குறித்து, கையால் ஒன்றைச் செய்து முடிப்பது மனிதருக்கு ஆறுதல் தரும். தர்ப்பணமும் அதைத்தான் செய்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: விடப்போவது எது என்று தெரிந்திருக்க வேண்டும். இறந்தவருக்குத் திதி உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவருக்குத் திதி இல்லை.

அக்கா இன்றுவரை ஆடி அமாவாசை பிடிக்க மகளை விட்டதில்லை. ஒருமுறை நான் மெதுவாகக் கேட்டபோது, "ஆர் செத்ததெண்டு விரதம் பிடிக்கிறது? ஆரும் வந்து சொன்னவையோ?" என்றாள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் அமர்ந்த தாய்மாரும் இதைத்தான் சொன்னார்கள். இழப்பீடும் சான்றிதழும் அல்ல, என்ன நடந்தது என்ற பதிலே வேண்டும் என்றார்கள். அவர்களில் பலர் அந்தப் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். 'விட்டுவிடுங்கள், முன்னோக்கிப் போங்கள்' என்று அரசியல்வாதிகள் சொல்லும்போது அது ஏன் சுடுகிறது என்பது நமக்குத் தெரியும். அதே சொல் மெழுகுதிரியோடும் நிலவோடும் அழகாக வந்தாலும், பதில் தெரியாத வீட்டில் அது அதே வேலையைத்தான் செய்கிறது.

அந்தப் போயா தினக் காலையில் பெறாமகளை அழைத்தேன். அப்பாவின் பெயரை எரிக்க வேண்டாம் என்றேன். எரிப்பதென்றால் உன்னுடையதை எரி, உனக்குள் எது பாரமாக இருக்கிறதோ அதை எழுது என்றேன். வார்டோவின் விளக்குகளைப் பற்றியும் சொன்னேன். அவள் கன நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அவற்ற முகம் ஞாபகமில்லை, சின்னம்மா. அது வெக்கமாயிருக்கு. அதை எழுதலாமோ?" என்று கேட்டாள். எழுதலாம் என்றேன்.

அடுத்த அமாவாசை கழிந்து பிறை தெரிந்த நாளில் அவள் புதுக் கொப்பி ஒன்று வாங்கியிருக்கிறாள். தொடக்கத்துக்குரிய நாள் அல்லவா. அதில் அப்பாவின் முழுப்பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், கூட நின்றவர்கள் என்று ஒவ்வொன்றாக அம்மாவிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறாள். இத்தனை வருடங்களாக அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்விகள்.

அன்று அவர் என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தார் என்று கேட்டாளாம். அக்கா யோசிக்கவே இல்லையாம். "நீலம். கைப்பக்கம் கிழிஞ்சிருந்தது. தைச்சுத் தாறன் எண்டு சொன்னனான்" என்றாளாம்.