விக்டோரியா காலத்து இலக்கியம் யாருடைய சொத்து?

ஒரு நிலத்தின் பட்டா ஒருவர் பெயரில் இருக்கும். அதை உழுது பயிரிட்டவர்கள் வேறு பலராக இருப்பார்கள். விளைச்சலைப் பற்றிப் பேச்சு வரும்போது மட்டும் பட்டாதாரரின் பெயரே அடிபடும். கிராமங்களில் நாம் காணும் காட்சி இது. இலக்கியத்திலும் இத்தகைய பட்டா விவகாரம் ஒன்று உண்டென்றால் நேயர்கள் வியப்படையக் கூடும். ஆயினும் அத்தகைய வழக்கு ஒன்று பல ஆண்டுகளாகப் பண்டிதர் மன்றத்தில் நடந்து வருகிறது.

விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை அரசாண்டார். டிக்கன்ஸ், தாக்கரே, பிரான்ட்டே சகோதரிகள், ஜார்ஜ் எலியட், டென்னிஸன் முதலியோர் எழுதிய காலம் அது. நம் பாட்டனார்களின் புத்தக அலமாரியில் இப்பெயர்கள் தங்க எழுத்தில் மின்னியது பலருக்கு நினைவிருக்கும். அந்த அரசியின் ராஜ்யமோ ஐந்து கண்டங்களிலும் பரவியிருந்தது. அவர் பெயரால் வழங்கும் இலக்கியத்தை மட்டும் கலாசாலைகள் ஒரு சிறு தீவுக்குள் அடைத்து வைத்திருந்தன. ஆட்சிக்கு உலகம் வேண்டும், இலக்கியத்துக்கு உலகம் வேண்டாம் என்றால் அது எவ்விதத்தில் நியாயம் என்பதே வழக்கின் சாரம்.

இந்த வழக்கில் நம் தேசத்துக்கு ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1857ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஸர்வகலாசாலைகள் தோன்றின. நம் பிள்ளைகள் ஆங்கிலக் காவியங்களை நெட்டுருப் போட்டுப் பரீட்சை எழுதிய அந்நாளில், ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்கென ஒரு தனிப் பட்டப் படிப்பு ஏற்பட்டிருக்கவில்லை. அங்கே அது 1894ல்தான் வந்தது. ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக உருப்பெற்றதில் இந்தியாவுக்கே முதல் இடம் என்று கௌரி விசுவநாதன் 1989ல் வெளியிட்ட நூலில் விரிவாக வாதிட்டார். அப்பயிர் முதலில் எந்த வயலில் நடப்பட்டதென்று இதிலிருந்து ஊகித்துக் கொள்ளலாம்.

வீட்டுக்குள் வந்த வெளியூர்ப் பணம்

ஷார்லட் பிரான்ட்டே 1847ல் வெளியிட்ட 'ஜேன் அயர்' என்னும் நாவலை எடுத்துக் கொள்வோம். தாய் தந்தையற்ற ஓர் ஏழைப் பெண் தன் மானத்தை விடாமல் போராடி வாழ்வில் உயரும் கதை. இங்கிலாந்தின் குளிரும் மூடுபனியும் ஏட்டுக்கு ஏடு வீசுகின்றன. ஆனால் கதையில் புழங்கும் பணம் எங்கிருந்து வருகிறது? நாயகனாகிய ராச்செஸ்டர் ஜமெய்க்காத் தீவின் பெண் ஒருத்தியை 30,000 பவுன் சீதனத்துக்காக மணந்தவன். நாயகிக்குக் கிடைக்கும் 20,000 பவுனோ மடெய்ரா தீவில் வாணிபம் செய்த சிற்றப்பனின் ஆஸ்தி. ஜமெய்க்காவின் செல்வம் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களில் விளைந்தது. 1833ல் பார்லிமெண்டு அடிமை முறையை ஒழித்தபோது இரண்டு கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது. அது அடிமைகளை வைத்திருந்த எஜமானர்களுக்குப் போயிற்று. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை.

அந்த ஜமெய்க்காப் பெண் கதையில் பைத்தியமாக மேல்மாடி அறையில் அடைபட்டுக் கிடக்கிறாள். தன் சார்பாக அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. டொமினிக்கா தீவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966ல் அவள் வாயிலாகவே ஒரு நாவல் எழுதினார். ஏழை வெள்ளைப் பெண்ணின் ஏற்றத்துக்காக இன்னொரு பெண்ணைக் காவு கொடுக்கிறது இக்கதை என்று காயத்ரி ஸ்பிவாக் 1985ல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். 2006ல் எலேன் ஃப்ரீட்குட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இன்னும் ஒரு படி சென்றார். கதையில் வரும் மஹாகனி மேஜை நாற்காலிகளின் மரம் எந்தக் காட்டிலிருந்து, யார் உழைப்பால் வந்தது என்று தேடிப் போனார். கதையைப் படித்தவர்கள் எல்லோரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்களே ஒழிய, ஒருவரும் அதைத் தட்டிப் பார்க்கவில்லை!

டிக்கன்ஸின் இரு முகங்கள்

ஏழைகளுக்காகக் கண்ணீர் சிந்திய மகான் என்று டிக்கன்ஸை நாம் போற்றுகிறோம். போற்றத் தகுந்தவரே. ஆனால் 1857ல் வட இந்தியாவில் பெருங்கிளர்ச்சி மூண்டபோது, தாம் அங்கே படைத் தலைவராக இருந்தால் அந்த இனத்தையே பூண்டோடு அழிக்க முயல்வதாக அவர் தம் தோழி ஆஞ்செலா பர்டெட்-கூட்ஸ் என்ற சீமாட்டிக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் அவர் மகன் வால்டர் ராணுவ உத்தியோகத்துக்காக இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தான். 1863 டிசம்பர் 31ல் அந்த இளைஞன் கல்கத்தாவில் இறந்தான். பவானிபூரில் அடக்கம் செய்யப்பட்டான். புத்திர சோகத்தில் ஆழ்ந்த தகப்பனிடம் நமக்கு இரக்கம் உண்டாகாமல் இல்லை. கடிதத்தை மறந்துவிடவும் முடியவில்லை.

அவருடைய நண்பர் வில்கி காலின்ஸ் 1868ல் எழுதிய 'சந்திரகாந்தக் கல்' என்ற துப்பறியும் நாவல், டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையிலேயே தொடராக வந்தது. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த தினத்தில் கதை தொடங்குகிறது. வைரத்தைக் கொள்ளையடிப்பவன் ஓர் ஆங்கில அதிகாரி. கடைசியில் அந்த வைரம் சோமநாதபுரத்துச் சந்திர தேவனின் நெற்றிக்கே திரும்பிவிடுகிறது. ஒரே பத்திரிகைக் காரியாலயத்தில் பழகிய இருவரின் உள்ளங்கள் இவ்வளவு வேறுபட்டிருந்தன. தீவுக்குள் மட்டும் நின்று பார்ப்பவர்க்கு இந்த வேற்றுமை எளிதில் புலப்படாது.

பவானிபூரில் அச்சான புத்தகம்

1876 ஆகஸ்டில், லண்டன் பத்திரிகைக் காரியாலயம் ஒன்றில், எட்மண்ட் காஸ் என்னும் விமர்சகர் கைக்கு ஒரு சிறு கவிதைப் புத்தகம் வந்து சேர்ந்தது. மட்டமான காகிதம், முன்னுரையும் கிடையாது, அச்சிட்ட ஊர் பவானிபூர். பிரெஞ்சுக் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தவர் தோரு தத் என்ற இருபது வயது வங்காளப் பெண். காஸ் படித்துப் பிரமித்துப் பாராட்டு எழுதினார். மறு ஆண்டிலேயே, இருபத்தோராம் வயதில், தோரு தத் காலமானார். அவர் பிரெஞ்சில் எழுதிய நாவல் 1879ல் பாரிஸிலும், நம் புராணக் கதைகளைப் பற்றிய ஆங்கிலப் பாடல்கள் 1882ல் லண்டனிலும் வெளிவந்தன.

சென்னையில் கிருபாபாய் சத்தியநாதன் தம் வாழ்க்கையைத் தழுவி எழுதிய 'சகுணா' என்னும் ஆங்கில நாவல் 1887ல் ஒரு கல்லூரிப் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியது. கல்விக்காக ஏங்கும் இந்தியப் பெண்ணின் மனத்தை உள்ளிருந்தே காட்டிய கதை அது. அவரும் 1894ல், முப்பத்திரண்டாம் வயதில், மறைந்தார். இவ்விருவரும் விக்டோரியா காலத்தில், விக்டோரியாவின் பிரஜைகளாக, அந்த அரசியின் பாஷையிலேயே எழுதியவர்கள். அப்படியிருந்தும் விக்டோரியா இலக்கியம் என்ற பந்தியில் இவர்களுக்கு நெடுநாள் இலை போடப்படவில்லை.

தகப்பனும் பிள்ளையும்

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891ல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' லிட்டன் பிரபு எழுதிய 'இரகசிய வழி' என்னும் கதையைத் தழுவியது. அந்நாடகத்தின் தமிழ்த் தெய்வ வணக்கத்தின் பகுதியே 1970 முதல் அரசு விழாக்களில் ஒலித்து, 2021ல் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது.

கதை எழுதிய லிட்டனின் மகன் யார்? அவரும் புனைபெயரில் கவி பாடியவர். 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைசிராயாக இருந்தவர். சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் ஜனங்களைப் பலி கொண்டிருந்த வேளையில், 1877 ஜனவரி 1ல் டில்லியில் மகா தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்தவர். அந்தப் பஞ்சத்தில் தேசமெங்கும் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மாண்டனர். மறு ஆண்டில் சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டத்தையும் அவரே கொண்டு வந்தார். தகப்பன் எழுதியது நமக்கு நாடகமாயிற்று. பிள்ளை எழுதியது வாய்ப்பூட்டாயிற்று. ஒரே குடும்பத்தின் இரண்டு பேனாக்களையும் சேர்த்து வாசிப்பவரே அக்காலத்தை முழுதும் வாசித்தவர் ஆவார்.

பட்டியல் நீண்டால் போதுமா?

'விக்டோரியன் ஸ்டடீஸ்' என்ற அமெரிக்க ஆராய்ச்சிப் பத்திரிகை 2020ல் ஒரு தனி இதழை இவ்விஷயத்துக்கே ஒதுக்கியது. ரோஞ்சனி சாட்டர்ஜி, அலிஷியா கிறிஸ்டாஃப், ஏமி வாங் என்னும் மூவர் அதன் ஆசிரியர்கள். பழைய பாடத்திட்டத்தின் வாலில் நாலு புதுப் பெயர்களை ஒட்டினால் போதாது. இனம், ஏகாதிபத்தியம் என்பவற்றைப் பற்றிய கேள்விகள் படிப்பின் அஸ்திவாரத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

இதற்கு ஆட்சேபங்களும் இல்லாமல் இல்லை. உலகம் முழுவதையும் விக்டோரியா கணக்கில் எழுதிவிட்டால் அச்சொல்லுக்கே பொருள் இராது என்பது ஒன்று. டிக்கன்ஸின் நடையழகையும் நகைச்சுவையையும் மாணவர் இழந்து, குற்றப் பத்திரிகை மட்டுமே படிப்பார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது அச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டென்றே நமக்குத் தோன்றுகிறது. காவியத்தை அனுபவிக்கத் தெரியாதவனுக்கு அதன் குற்றமும் சரியாகத் தெரியாது.

நம்முடைய ஆட்சேபமோ வேறு. 1879ல் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்தது. 1893 முதல் ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' தொடராக வந்தது. இவையும் விக்டோரியாவின் காலத்தவையே. இவற்றின் நெற்றியில் மகாராணியின் முத்திரையைக் குத்தினால்தான் உலகம் படிக்குமென்றால் அந்தப் பெருமை நமக்கு வேண்டாம். அரசியின் கீழே வைத்து வாசிப்பது வேறு, பக்கத்தில் வைத்து வாசிப்பது வேறு. பக்கத்தில் வைப்பதற்குத் தமிழும் வங்காளியும் கற்க வேண்டும். நல்ல மொழிபெயர்ப்புகள் வேண்டும். ஆங்கிலம் ஒன்றை மட்டும் அறிந்துகொண்டு உலகத்தை அறிந்ததாகச் சொல்வது, வாசல் திண்ணையில் உட்கார்ந்து வீடு முழுதும் பார்த்துவிட்டதாகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இது பண்டிதர்களின் வேலை மட்டும் அன்று. வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண்ணோ பிள்ளையோ 'ஜேன் அயர்' படித்துக்கொண்டிருந்தால், அலமாரியிலிருந்து கமலாம்பாளையும் எடுத்து அருகில் வையுங்கள். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, மேல்மாடியில் இருப்பவள் யார் என்று கேட்கச் சொல்லுங்கள். பட்டாவில் யார் பெயர் இருந்தால் என்ன? உழுதவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு விளைச்சலைப் பற்றிப் பேச முழு உரிமை உண்டு.