ஒரு டிவிஷன், இரண்டு போர்கள்

செகந்திராபாத்திலிருந்து புறப்பட்ட அதே படையின் 1971 வெற்றிக்கு ஒரு தினம் உண்டு. 1987-ல் இலங்கைக்குப் போனதற்கு அப்படி எதுவும் இல்லை. நரை விழுந்த முன்னாள் ராணுவத்தினர் அந்த முப்பத்திரண்டு மாதங்களை எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள்?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 16 அன்று செகந்திராபாத் பரேடு மைதானத்தில் உள்ள போர் நினைவுச் சின்னத்தில் மலர் வளையங்கள் வைக்கப்படுகின்றன. பியூகிள் ஒலிக்கிறது. கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்த முதியவர்கள் முதுகை நிமிர்த்தி நிற்கிறார்கள். 1971 பங்களாதேஷ் போரின் வெற்றி தினம் அது. கொண்டாடுவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் போர் ஏன் நடந்தது, எப்படி முடிந்தது, யார் வென்றார்கள் என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும்.

அக்டோபர் 10 அப்படிப்பட்ட தேதி அல்ல. 1987-ல் அன்றுதான் யாழ்ப்பாணத்தில் ‘ஆபரேஷன் பவன்’ தொடங்கியது. இந்திய அமைதி காக்கும் படை அமைதி காப்பதை நிறுத்திவிட்டுப் போரிடத் தொடங்கிய நாள். 1990 மார்ச்சில் கடைசி வீரர் கப்பல் ஏறுவதற்குள் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். காயமடைந்தவர்கள் 3,000-க்கும் மேல். அதற்கு விஜய் திவஸ் போல நாடறிந்த ஒரு தினம் கிடையாது.

இத்தனைக்கும் இரண்டு போர்களுக்கும் சென்ற ஒரு படை உண்டு. அது செகந்திராபாத்தைத் தலைமையகமாகக் கொண்ட 54-வது காலாட்படை டிவிஷன்.

செகந்திராபாத் ராணுவத்தோடு பிறந்த நகரம். 1798-ல் நிஜாம் ஆங்கிலேயரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஹுசேன் சாகர் ஏரிக்கு வடக்கே கூடாரம் அடித்த துருப்புகளைச் சுற்றித்தான் ஊர் வளர்ந்தது. மெட்ராஸ் ராணுவத்தின் பட்டாளங்களோடு வந்த தமிழர்கள் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். நகரமே திரண்டு கொண்டாடும் போனாலு திருவிழாவின் முக்கியக் கோயிலான உஜ்ஜயினி மகாகாளி கோயிலும், பட்டாளத்தில் வேலை பார்த்த ஒருவர் காலராவுக்கு அஞ்சி வேண்டிக்கொண்டதால் எழுந்தது என்பது தல வரலாறு. திருமலகிரி, பொல்லாரம், கோல்கொண்டா என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு ராணுவ வளாகத்தின் மதில் எதிர்ப்படும். சைனிக்புரி என்ற குடியிருப்பே ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளுக்காக உருவானது. ஓய்வுக்குப் பிறகு வாழ ஹைதராபாத்தைத் தேர்ந்தெடுக்கும் ராணுவத்தினருக்குக் குறைவே இல்லை.

1971-ல் 54-வது டிவிஷன் மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதியில் போரிட்டது. பசந்தர் ஆற்றங்கரையில் நடந்த டாங்கிச் சண்டை ராணுவக் கல்லூரிகளில் இன்றும் பாடம். அந்தப் போர்முனையில் இரண்டு பரம் வீர் சக்ரா விருதுகள் கிடைத்தன. ஒன்று, எரியும் டாங்கியை விட்டு இறங்க மறுத்து உயிர்விட்ட 21 வயது செகண்ட் லெப்டினென்ட் அருண் கேதர்பாலுக்கு. இன்னொன்று, மேஜர் ஹோஷியார் சிங்குக்கு.

பதினாறு ஆண்டுகள் கழித்து அதே டிவிஷனுக்கு வந்த உத்தரவு வேறு மாதிரியானது.

மாலையும் கண்ணிவெடியும்

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் கொழும்பில் அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டிருந்த ராஜீவை ஒரு சிங்களக் கடற்படைச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினார். அதே நாளில் பலாலி விமான நிலையத்தில் 54-வது டிவிஷனின் வீரர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங். யாழ்ப்பாணத்து மக்கள் வீதிக்கு வந்து மாலை போட்டு வரவேற்றார்கள். ஆயுதங்களை வாங்கி வைப்பது, இரு தரப்பையும் விலக்கி வைப்பது, தேர்தல் நடக்க உதவுவது: அதுதான் வேலை என்று வீரர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

ஆகஸ்ட் 4 அன்று சுதுமலையில் பெரும் கூட்டத்தின் முன் பேசிய பிரபாகரன், ஒப்பந்தம் தங்கள் மீது திணிக்கப்பட்டது என்பதை வெளிப்படையாகவே சொன்னார். மறுநாள் பலாலியில் புலிகளின் சார்பில் யோகி ஒரு கைத்துப்பாக்கியை ஒப்படைத்தார். தொடர்ந்து கொஞ்சம் ஆயுதங்கள் வந்தன. பிறகு நின்றுபோயின.

அடுத்த இரு மாதங்களில் எல்லாம் கைமீறியது. செப்டம்பர் 26 அன்று நல்லூரில் உண்ணாவிரதமிருந்த திலீபன் இறந்தார். அக்டோபர் 5 அன்று இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட புலிகள் 17 பேர் சயனைடு கடித்தார்கள். குமரப்பா, புலேந்திரன் உள்பட 12 பேர் மாண்டார்கள். ஐந்து நாள் கழித்து, மாலை வாங்கிய படை அதே வீதிகளில் துப்பாக்கியோடு முன்னேற வேண்டியிருந்தது.

இந்த இரண்டு மாதங்களைப் பற்றி ஹர்கிரத் சிங் இருபது ஆண்டுகள் கழித்து, 2007-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் சொல்லும் ஒரு சம்பவம் பலரையும் திடுக்கிட வைத்தது. செப்டம்பர் 14 இரவு இந்தியத் தூதர் ஜே.என். தீட்சித் தொலைபேசியில் அழைத்து, பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைக் கைது செய்யும்படியோ சுட்டுவிடும்படியோ சொன்னதாகவும், மேலதிகாரியான லெப்டினென்ட் ஜெனரல் தீபிந்தர் சிங்கைக் கலந்துகொண்டு தாம் மறுத்துவிட்டதாகவும் அவர் எழுதுகிறார். வெள்ளைக் கொடியின் கீழ் பேச வருகிறவனை ஓர் ஒழுங்கான ராணுவம் சுடாது என்பது அவருடைய வாதம். படைகளின் ஒட்டுமொத்தத் தளபதியாக இருந்த தீபிந்தர் சிங்கும் தமது நூலில், புலிகள் மீது பலப்பிரயோகம் செய்தால் இந்தியா ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொள்ளும் என்று முன்கூட்டியே எச்சரித்ததாகக் குறிப்பிடுகிறார். ஆக, போருக்குப் போன தளபதிகளே அந்தப் போரை விரும்பியவர்கள் அல்லர்.

ஓர் இரவின் கணக்கு

அக்டோபர் 11 நள்ளிரவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதியில் புலிகளின் தலைவர்கள் கூடியிருப்பதாகத் தகவல். எம்.ஐ-8 ஹெலிகாப்டர்களில் சென்று மைதானத்தில் இறங்கி அவர்களை வளைப்பது திட்டம். 10-வது பாரா கமாண்டோ படையும் 13-வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியும் அனுப்பப்பட்டன. ஆனால் இந்தியப் படையின் வானொலித் தகவல்களைப் புலிகள் ஒட்டுக் கேட்டுவிட்டார்கள். மைதானத்தைச் சுற்றி இயந்திரத் துப்பாக்கிகள் காத்திருந்தன.

குண்டடி பட்ட ஹெலிகாப்டர்கள் மேலும் துருப்புகளைக் கொண்டுவர முடியாமல் திரும்பிவிட்டன. சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியில் தரையிறங்கியவர்கள் மேஜர் பீரேந்திர சிங் உள்பட முப்பது பேர்தான். விடியும்வரை சண்டையிட்டார்கள். தோட்டாக்கள் தீர்ந்தன. 29 பேர் இறந்தார்கள். உயிரோடு பிடிபட்டவர் ஒரே ஒருவர். அவர் பின்னர் விடுவிக்கப்பட்டு வந்து சொன்னதால்தான் அந்த இரவில் நடந்தது வெளியே தெரிந்தது. வீடுகளுக்குள் புகுந்து தாக்குப்பிடித்த கமாண்டோக்களை மீட்க, மேஜர் அனில் கௌல் கண்ணிவெடி நிறைந்த சாலையைத் தவிர்த்து ரயில் பாதை மீதே டாங்கிகளை ஓட்டிச் சென்றார். அவருடைய டாங்கி தாக்கப்பட்டு கண்ணிலும் கையிலும் படுகாயமடைந்தார்.

அந்த நாட்களைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிடும் குறைகள் கிட்டத்தட்ட ஒன்றே. சரியான வரைபடங்கள் இல்லை. எதிரியின் கையில் ஏ.கே.-47, வீரர்களிடம் பழைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. எதிரி யார், பொதுஜனம் யார் என்று பிரித்தறிய மொழி தெரியாது. ஒவ்வொரு பட்டாளமும் தமிழ் பேசத் தெரிந்த ஜவானைத் தேடியது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் தமிழ் வீரர்களுக்கு அது இன்னொரு விதமான சோதனை. தாய்மொழியில் தங்களைத் திட்டுவதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான். அமைதிப் படையின் உளவுப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த கர்னல் ஆர். ஹரிஹரன் தமிழர். ஓய்வுபெற்ற பிறகு சென்னையிலிருந்து அவர் அந்த ஆண்டுகளைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தெளிவான அரசியல் நோக்கம் இல்லாமல் படையை அனுப்பினால் என்ன ஆகும் என்பதே அவருடைய எழுத்தில் அடிக்கடி வரும் பாடம்.

அதே ஆண்டு நவம்பர் 25 அன்று, தேடுதல் வேட்டை முடிந்து இரவில் திரும்பிக்கொண்டிருந்த 8-வது மகார் படையினரைப் புலிகள் வழிமறித்தார்கள். மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும் எதிராளியின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரைச் சுட்டுவிட்டு, சாகும்வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார் ஓர் அதிகாரி. பெயர், மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பம்பாயில் பிறந்த தமிழர். இலங்கைப் போரில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர். தமிழருக்கு எதிரான படை என்று பெயரெடுத்த ராணுவத்தின் மிக உயர்ந்த விருது ஒரு தமிழனின் பெயரில் இருக்கிறது.

மறக்க முடியாத மறுபக்கம்

யாழ்ப்பாணம் அந்த அக்டோபரின் இறுதியில் இந்தியப் படையின் வசம் வந்தது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை வீரர்களின் உயிர் மட்டும் அல்ல. அக்டோபர் 21 தீபாவளி நாள். அன்று யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியத் துருப்புகளின் துப்பாக்கிச் சூட்டில் டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் என ஏறத்தாழ 70 பேர் இறந்தார்கள். இரு தரப்புச் சண்டையின் நடுவே நேர்ந்தது என்றது ராணுவம். உயிர் தப்பிய ஊழியர்கள் சொன்னது வேறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் எழுதிய ‘முறிந்த பனை’ அந்த வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. 1989 ஆகஸ்ட் 2 அன்று வல்வெட்டித்துறையில் 50-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டது இன்னொரு கறை. அந்த மருத்துவமனையில் ஒவ்வோர் ஆண்டும் இறந்த ஊழியர்களின் படங்களுக்கு மாலை போடுகிறார்கள். அவர்களுடைய நாட்காட்டியில் அக்டோபர் 21 உண்டு.

இந்த மறுபக்கத்தை எல்லாத் தளபதிகளும் ஒரே மாதிரி எதிர்கொள்ளவில்லை. ஹர்கிரத் சிங்குக்குப் பிறகு 54-வது டிவிஷனுக்குத் தலைமை தாங்கிய எஸ்.சி. சர்தேஷ்பாண்டே 1992-ல் வெளியிட்ட நூல் சற்றே வேறுபட்டது. புலிகளின் கட்டுப்பாட்டையும் உறுதியையும் ஒப்புக்கொண்டு, தன் பக்கத்துக் குறைகளையும் ஒளிக்காமல் பேசும் நூல் அது. ஒரு ராணுவ அதிகாரி அப்படி எழுதுவது எளிதல்ல.

படை திரும்பிய விதமும் காயத்தை ஆழமாக்கியது. 1989 ஜூனில் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். அந்தப் படையோடு போரிட்ட புலிகளோடு அவரே பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார். டெல்லியில் ஆட்சி மாறியது. 1990 மார்ச் 24 அன்று கடைசித் துருப்புகள் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டன. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையைத் தம்மால் வரவேற்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். தமிழ்நாட்டில் பலர் அதை ஏற்றார்கள். கப்பலிலிருந்து இறங்கிய ஜவானுக்கோ, போகச் சொன்னது யார், திட்டு வாங்குவது யார் என்று புரியவில்லை.

1987-ல் இருபது வயதில் பலாலியில் இறங்கியவர் இன்று தாத்தா. பதினைந்து, பதினேழு ஆண்டு சர்வீஸோடு முப்பத்தைந்து வயதில் ஓய்வுபெறும் ஜவானுக்கு இரண்டாவது வேலை ஒன்று வேண்டும். ஹைதராபாத் போன்ற நகரங்களில் வங்கி வாசலிலும் கம்பெனி கேட்டிலும் சீருடையில் நிற்பவர்களில் முன்னாள் ராணுவத்தினர் ஏராளம். ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் என்ற கோரிக்கைக்காக முன்னாள் ராணுவத்தினர் ஆண்டுக்கணக்கில் ஒன்றாகக் குரல் கொடுத்தார்கள். 2015-ல் அரசு அதை ஏற்று உத்தரவு போட்டது. பென்ஷன் விவகாரத்தில் கணக்குப் போட முடியும். நினைவு விவகாரத்தில் அது முடியவில்லை.

கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டையில், இலங்கை நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில், உயிரிழந்த இந்திய அமைதிப் படையினருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. கறுப்புக் கல்லில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வெளியேறு என்று சொன்ன நாட்டின் தலைநகரில் அது நிற்கிறது. பிரதமர் மோடி 2015-லும் 2025-லும் அங்கே மலர் வளையம் வைத்தார். டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது 2019 பிப்ரவரி 25 அன்றுதான். அதன் சுவர்களில், 1971-ல் இறந்தவர்களோடு இலங்கையில் இறந்தவர்களின் பெயர்களும் இடம் பெற்றுள்ளன. அங்கே பசந்தருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வித்தியாசம் இல்லை. செங்கல் அளவுக் கல்லில் பெயர், பதவி, படைப்பிரிவு, அவ்வளவுதான்.

செகந்திராபாத் மைதானத்தில் டிசம்பர் 16 அன்று நிற்கும் கூட்டத்திலும் அந்த வித்தியாசம் தெரிவதில்லை. 1971-க்காக ஒலிக்கும் பியூகிளுக்குத் தலை குனிபவர்களில் பலாலியில் இறங்கியவர்களும் இருக்கக்கூடும். தங்கள் போர் சரியா தவறா என்ற தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் அல்லர். அனுப்பியவர்கள் அதைச் சொல்லாமலே போய்விட்டார்கள். திரும்பி வராத 1,200 பேருக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்பதற்கு அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அப்படி நிற்கும்போது, அந்தத் தீபாவளி நாளில் மருத்துவமனையை விட்டு வீடு திரும்பாதவர்களையும் நினைத்துக்கொண்டால், அது எந்த வீரனுக்கும் இழுக்கு ஆகாது.