ராபர்ட் இர்வின் அப்பாவின் வேலையைத் தொடர்கிறார்... ஈசிஆர் ஓரத்து இருளர் பிள்ளைகளால் தொடர முடியுமா?

காக்கிச் சட்டை, காக்கி அரைக்கால் சட்டை, கையில் ஒரு இறைச்சித் துண்டு. எதிரே வாயைப் பிளந்தபடி ஒரு முதலை. ரீல்ஸ் பார்க்கிற பலருக்கும் ராபர்ட் இர்வினைத் தெரிந்திருக்கும். 2025 நவம்பரில் அமெரிக்காவின் 'டான்ஸிங் வித் த ஸ்டார்ஸ்' பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 21. ஆனால் அவர் நடனக் கலைஞர் இல்லை. தாத்தா தொடங்கி, அப்பா உலகப் புகழாக்கிய காட்டுயிர் வேலையைத் தொடரும் மூன்றாம் தலைமுறைக்காரர்.

இதற்கு இணையான ஒரு கதை நம்ம ஊரிலும் இருக்கிறது. மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஈசிஆரில் சென்னை நோக்கி வந்தால், மாமல்லபுரத்துக்கு அப்பால் வடநெம்மேலி வரும். அங்கேயும் முதலைகள் இருக்கின்றன. டிவி கேமரா முன் நின்ற ஒருவர் இருக்கிறார். பரம்பரை பரம்பரையாகப் பாம்பு பிடிக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. இந்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை என்ன ஆகும் என்பதில்தான் இரண்டு கதைகளும் வேறு வேறு பாதையில் போகின்றன.

யார் இந்த ராபர்ட் இர்வின்?

ராபர்ட்டின் தாத்தா பாப் இர்வினும் பாட்டி லின்னும் 1970-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாகாணத்தில் பீர்வா என்ற இடத்தில் ஒரு சிறிய ஊர்வனப் பூங்காவைத் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் 'ஆஸ்திரேலியா ஸூ' ஆனது. அங்கே முதலைகளோடு வளர்ந்தவர் அவர்கள் மகன் ஸ்டீவ்.

1992-ல் ஸ்டீவுக்கும் டெர்ரிக்கும் திருமணம். தேனிலவுக்குப் போன இடத்தில் முதலை பிடித்ததைப் படமெடுத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1996-ல் ஒளிபரப்பான 'தி க்ரோக்கடைல் ஹன்டர்'. உலகம் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த நிகழ்ச்சி அது.

2006 செப்டம்பர் 4 அன்று கடலுக்கடியில் நடந்த படப்பிடிப்பில் திருக்கை மீன் முள் குத்தி ஸ்டீவ் இறந்தார். அப்போது மகள் பிண்டிக்கு 8 வயது. ராபர்ட்டுக்கு 3 வயதுகூட நிரம்பவில்லை. அப்பாவின் குரலையும் சைகையையும் பெரும்பாலும் வீடியோவில் பார்த்தே கற்றுக்கொண்ட பிள்ளை என்று சொல்லலாம்.

2018-ல் அந்தக் குடும்பம் 'க்ரைக்கி! இட்ஸ் தி இர்வின்ஸ்' நிகழ்ச்சியோடு மறுபடி டிவிக்கு வந்தது. 2019-ல் ராபர்ட் ஒரு படம் வெளியிட்டார். அப்பா 15 ஆண்டுகளுக்கு முன் இரை கொடுத்த அதே முதலைக்கு, அதே இடத்தில் நின்று மகன் இரை கொடுக்கும் படம். அது உலகம் முழுக்கப் பரவியது.

டிவி வெளிச்சம் எதற்குப் பயன்பட்டது?

'இதெல்லாம் வெறும் ஷோ' என்ற விமர்சனம் இர்வின் குடும்பத்துக்குப் புதிதல்ல. 2004 ஜனவரியில், ஒரு மாதக் குழந்தையாக இருந்த ராபர்ட்டை ஒரு கையில் ஏந்தியபடி ஸ்டீவ் முதலைக்கு இரை கொடுத்ததற்கு உலகமே திட்டியது.

ஆனால் அந்த வெளிச்சம் வேறு சிலவற்றையும் செய்தது. 2004-ல் பூங்காவை ஒட்டி ஒரு காட்டுயிர் மருத்துவமனை திறக்கப்பட்டது. கேப் யார்க் பகுதியில் ஸ்டீவ் பெயரில் ஒரு பாதுகாப்பு வனமே இருக்கிறது. அங்கே குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து முதலைகளைப் பிடித்து, கருவி பொருத்தி, அவற்றின் நடமாட்டத்தை ஆய்வு செய்கிறார்கள். அந்த வனத்தை ஒட்டி எரிந்த காட்டை ட்ரோனில் ராபர்ட் எடுத்த புகைப்படம், 'வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' போட்டியில் மக்கள் தேர்வு விருதைப் பெற்றது.

ராபர்ட்டுக்குக் கிடைத்த சொத்து புகழ் மட்டும் இல்லை. நிலம், மருத்துவமனை, ஆய்வுக் குழு, நிரந்தர வருமானம் எல்லாம் சேர்த்துத்தான் அவர் கைக்கு வந்தது. 'தொடர்கிறார்' என்று எளிதாகச் சொல்ல முடிவதற்கு இதுதான் காரணம்.

வடநெம்மேலிக்கு முதலைகள் எப்படி வந்தன?

1943-ல் நியூயார்க்கில் பிறந்தவர் ராமுலஸ் விட்டேக்கர். 1951-ல் அம்மாவோடு இந்தியா வந்தார். அவருடைய வளர்ப்புத் தந்தை, கமலாதேவி சட்டோபாத்யாயாவின் மகன் ராமா. கொடைக்கானல் பள்ளியில் படித்தபோதே பாம்புப் பித்து பிடித்துவிட்டது. பிறகு அமெரிக்காவில் மயாமி பாம்புப் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு 1967-ல் திரும்பினார். 1975-ல் இந்தியக் குடியுரிமை பெற்றார்.

சேலையூரில் 1969-ல் அவர் ஆரம்பித்த பாம்புப் பண்ணை, 1972-ல் கிண்டிக்கு இடம் மாறியது. இன்றும் பள்ளிக்கூடச் சுற்றுலாக்களில் பிள்ளைகள் பார்க்கும் கிண்டி பாம்புப் பண்ணை அதுதான். 1976-ல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வந்தது. அப்போது இந்தியாவில் முதலைகள் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன. சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, கரியால் ஆகிய மூன்றையும் இனப்பெருக்கம் செய்து காப்பாற்றுவதே நோக்கம்.

அவரோடு அந்த வேலையில் இறங்கியவர் ஸாய் விட்டேக்கர். பறவையியலாளர் ஸஃபர் ஃபுதேஹல்லியின் மகள். சலீம் அலியின் உறவுக் குடும்பம். காட்டுயிர் வேலை இவருக்கும் வீட்டுச் சொத்துதான். குழந்தைகளுக்கான கதைகளும் எழுதினார், பண்ணையின் நிர்வாகத்தையும் பார்த்தார். இவர்கள் மகன் நிகில் விட்டேக்கரும் முதலை ஆய்வாளராகி, அதே பண்ணையில் பொறுப்பில் இருந்தவர்.

ராமுலஸும் டிவி முகம்தான். ராஜநாகம் பற்றி நேஷனல் ஜியாகிரஃபிக்குக்காக எடுத்த படம் 1998-ல் எம்மி விருது வென்றது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இருளர்கள் எங்கே வருகிறார்கள்?

ராமுலஸ் பாம்பு பிடிக்கும் நுணுக்கங்களைக் கற்றுக்கொண்டது இருளர்களிடம். வரப்பில் கிடக்கும் எச்சம், உரித்துப் போட்ட சட்டை, வளை வாயில் மண் வழுவழுப்பாக இருப்பது... இதையெல்லாம் பார்த்தே உள்ளே இருப்பது எந்தப் பாம்பு, அது இப்போது இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்லிவிடுவார்கள். கடப்பாரையும் துணிப்பையும்தான் ஆயுதம்.

ஒரு காலத்தில் அவர்கள் பிடித்த பாம்புகளின் தோல், தோல் தொழிற்சாலைகளுக்குப் போனது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்புகளுக்கு நல்ல செய்தி. இருளர் குடும்பங்களுக்கோ ஒரே நாளில் அடுப்பு அணைந்த மாதிரி.

அதற்கு விடையாக உருவானதுதான் 1978-ல் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். பாம்பைக் கொல்லாமலே அதிலிருந்து வருமானம் எடுக்கும் வழி அது.

எப்படி வேலை செய்கிறது இந்தச் சங்கம்?

* வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கையில் மட்டுமே பாம்பு பிடிக்கலாம்.
* நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு மட்டும்.
* பிடித்த பாம்புகளை மண்பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டுவார்கள். சுமார் 3 வாரம் வைத்திருப்பார்கள்.
* அதற்குள் சில முறை நஞ்சு எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஒரு அடையாளம் போட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அதே பாம்பு உடனே மறுபடி சிக்கினால் அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும்.
* எடுத்த நஞ்சு உறையவைத்து உலர்த்தப்பட்டுப் பொடியாகி, மருந்து நிறுவனங்களுக்குப் போகும். அங்கே குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதம்தான் விஷமுறிவு மருந்தாகிறது.

இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. பீகாரில் வயலில் பாம்பு கடித்த ஒரு விவசாயியின் உடலில் ஏறும் மருந்துக்குப் பின்னால், செங்கல்பட்டுப் பக்கம் வரப்பைத் தோண்டிய ஒரு இருளர் இருக்கலாம்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது.

ஃப்ளோரிடா வரை போன திறமை

2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே யாரோ வளர்த்துக் கைவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, உள்ளூர் விலங்குகளை அழித்துக்கொண்டிருந்தன. மோப்ப நாய், ரேடியோ கருவி என்று பலதையும் முயன்று பார்த்த இடத்தில், இவர்கள் முதல் 2 வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி நீளம்.

2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பள்ளிப் படிப்பு இல்லாமல், அப்பன் பாட்டனிடம் கற்ற வித்தைக்காகக் கிடைத்த விருது.

அப்படியென்றால் அடுத்த தலைமுறை?

சிக்கல் இங்கேதான். ராபர்ட் இர்வின் நாளைக்கு ஒரு முதலையைப் பிடிக்க வேண்டுமானால் பின்னால் ஒரு பெரிய நிறுவனமே நிற்கிறது. இருளர் இளைஞருக்கு அப்பா கொடுத்துவிட்டுப் போவது வித்தை மட்டும்தான். அதைப் பயன்படுத்த வேண்டுமானால்:

வனத்துறை அனுமதி வேண்டும். அது தாமதமானால் அந்தப் பருவத்து வருமானம் போயிற்று. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். உறுப்பினர் அல்லாதவர் பாம்பைத் தொட்டால், அவர் இருளரே ஆனாலும், சட்டப்படி குற்றம்தான்.

மரக்காணம், திண்டிவனம் பக்கத்து இருளர் குடும்பங்களுக்கு இன்னொரு கதவும் மூடிக் கிடக்கிறது. அது சாதிச் சான்றிதழ். இருளர்கள் தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடியினர். அழியும் நிலையில் உள்ள பழங்குடிகள் பட்டியலிலும் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த ஒரு காகிதத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைவதுதான் நடைமுறை. இதற்காகத் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார். காகிதம் இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை. பிள்ளைகள் செங்கல் சூளைக்கோ உப்பளத்துக்கோ கூலிக்குப் போவதுதான் நடக்கும். அங்கே வரப்பின் எச்சம் பார்க்கும் கண்ணுக்கு வேலை இல்லை.

சரி, எல்லாப் பிள்ளைகளும் பாம்புதான் பிடிக்க வேண்டுமா? கட்டாயம் இல்லை. கடிபடும் அபாயமுள்ள வேலை அது. பிள்ளை நர்ஸாகவோ ஆசிரியராகவோ ஆக விரும்பினால் அதற்கும் வழி வேண்டும். ராபர்ட்டுக்குக் கிடைத்தது இந்தத் தேர்வுதான். அப்பாவின் வேலையை எடுக்கலாம், விடலாம். இருளர் பிள்ளைக்கு இரண்டும் சுலபமில்லை.

மரக்காணத்துக்கு என்ன தேவை?

சங்க இலக்கியம் பேசும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பக்கிங்ஹாம் கால்வாய் வந்து முடியும் இடமும் இதுதான். உப்பளப் பாத்திகளை ஒட்டி விரிந்து கிடக்கிறது கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேலான பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

அறிவிப்பு வந்தால் மட்டும் பறவை தங்கிவிடாது. எந்த மாதம் எந்தப் பக்கம் தண்ணீர் ஏறும், எந்தத் திட்டில் முட்டை இருக்கும், வலை விரிப்பவர் யார் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். உப்பு வாருகிறவர்கள், நண்டு பிடிக்கிறவர்கள், இருளர்கள். வனக் காவலர், வழிகாட்டி, கணக்கெடுப்பு உதவியாளர் போன்ற வேலைகளில் இவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் இடம் கிடைத்தால், அந்த அறிவுக்கு மாதச் சம்பளம் கிடைக்கும்.

பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும்?

ராபர்ட்டோ மாசியோ செய்வதைப் பார்த்து யாரும் பாம்பைக் கையால் பிடிக்கக் கூடாது. வீட்டுக்குள் பாம்பு வந்தால் விலகி நின்று வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால்:

* கடித்த இடத்தைக் கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம், கயிறு போட்டு இறுக்க வேண்டாம்.
* மோதிரம், கொலுசு, காப்பு போன்றவற்றைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் வரலாம்.
* கடிபட்டவரை நடக்கவிடாமல், கை கால் அசையாமல் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள்.
* பாம்பைத் தேடிப் பிடித்து எடுத்துக்கொண்டு போக நேரம் செலவிடாதீர்கள். மந்திரம், பச்சிலை என்று காத்திருக்கவும் வேண்டாம்.
* நேராக விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.
* மீனவர்கள் கவனத்துக்கு: வலையில் சிக்கும் கடல் பாம்பின் கடிக்கு நம்ம ஊர் விஷமுறிவு மருந்து வேலை செய்யாது. அது மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கானது. அதனால் கடித்தது கடல் பாம்பு என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. அதற்கு மருந்து வேண்டும், மருந்துக்கு நஞ்சு வேண்டும், நஞ்சுக்குப் பாம்பைக் கொல்லாமல் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை இப்போதைக்கு ஈசிஆர் ஓரத்துக் குடிசைகளில்தான் இருக்கிறது.