மேல்கோட்டை மேடும் பழைய லாரியின் டைமிங்கும்

மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரம் வழியாக மேல்கோட்டை சுமார் 50 கிலோமீட்டர். நம்மவர் திருநாராயணபுரம் என வழங்கும் அவ்வூர் கடல் மட்டத்திற்கு 3,000 அடிக்கு மேல் அமைந்துள்ளது. ஜக்கனஹள்ளியைக் கடந்தபின் சாலை மலைமீது ஏறத் தொடங்குகிறது. பழைய பெட்ரோல் லாரி ஒன்றின் டைமிங் சரியாக உள்ளதா என்பதை இந்த ஏற்றம் சில நிமிடங்களில் சொல்லிவிடும்.

இன்று அங்கே ஏறும் லாரிகள் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனத்தார் டைம்லர்-பென்ஸ் கூட்டுறவில் லாரி செய்யத் தொடங்கியபின் பெட்ரோல் லாரிகள் மெல்ல மறைந்தன. டீசல் என்ஜினில் தீப்பொறிக்கு வேலையே இல்லை. ஆயினும், பாட்டனார் ஓட்டிய செவர்லே லாரியை விற்க மனமின்றிக் கொட்டகையில் வைத்துப் போற்றும் குடும்பங்கள் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928 முதல் 1954 வரை பம்பாயில் பூட்டி விற்ற வண்டிகளுள் எஞ்சியவை சில. அவற்றை மீண்டும் ஓட்ட விரும்பும் அன்பர்களுக்கே இக்கட்டுரை.

சிலிண்டரில் அழுத்தப்பட்ட பெட்ரோல் ஆவி தீப்பொறி பட்டவுடன் முழுவதும் எரிந்துவிடுவதில்லை. அதற்குச் சிறிது நேரம் பிடிக்கிறது. என்ஜின் நிமிடத்திற்கு 1,000 சுற்றுச் சுற்றுகையில், ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலேயே கிராங்க் தண்டு 6 பாகை திரும்பிவிடும். ஆகவே பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னரே பொறி விழவேண்டும். வேகம் மிகுந்தால் இன்னும் முன்னதாக விழவேண்டும். ஃபோர்டு டி மாடல் வண்டியில் இதற்கென ஸ்டீரிங் சக்கரத்தின் கீழ் ஒரு பிடி இருந்தது. ஓட்டுபவரே கையால் முன்பின் தள்ளவேண்டும். பின்வந்த வண்டிகளில் டிஸ்டிரிபியூட்டருக்குள் அமைந்த எடைக்கட்டிகள் அவ்வேலையைத் தாமே செய்கின்றன. நாம் செய்யவேண்டுவது தொடக்கத்தைச் சரியாக வைப்பது ஒன்றே.

முதலில் பாயிண்டின் இடைவெளியைச் சரிசெய்க. இதைப் பின்னால் செய்வோர் பலர். செய்தால் வைத்த டைமிங் மாறிப்போகும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும், குறைந்தால் தாமதமாகத் திறக்கும். அளவு அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்தில் உள்ளபடி இருக்கட்டும்.

பிறகு, சாவியை அணைத்துவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றித் துவாரத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொள்க. மற்றொருவர் கைப்பிடியால் என்ஜினை மெதுவாகச் சுற்றட்டும். காற்று விரலைத் தள்ளும்போது பிஸ்டன் அழுத்திக்கொண்டு மேலே வருகிறது என்று பொருள். செவர்லே ஆறு சிலிண்டர் என்ஜினில் பிளைவீலின் விளிம்பில் ஒரு சிறு எஃகுக் குண்டு பதித்திருக்கும். உச்சிக்கு 5 பாகை முன்னதான இடம் அதுவே. ஸ்டார்ட்டருக்கு அருகிலுள்ள துவாரத்தின் வழியே பார்த்தால், குண்டு முள்ளுக்கு நேராக வந்து நிற்பது தெரியும். முள்ளைத் தாண்டிப் போய்விட்டால், கால் சுற்றுப் பின்னுக்குக் கொண்டுபோய் மறுபடி முன்னோக்கியே வருக. பற்சக்கரங்களின் தளர்ச்சி அப்போதுதான் கணக்கைக் கெடுக்காது.

இந்நிலையில் ரோட்டர் முதல் சிலிண்டரின் கம்பியை நோக்கி நிற்கவேண்டும். காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே ஒரு சிறு பல்பை இணைத்துச் சாவியைப் போடுக. பாயிண்ட் மூடியிருக்கையில் பல்பு எரியாது. திறந்த கணமே எரியும். டிஸ்டிரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, ரோட்டர் சுழலும் திசையில் பல்பு அணையும்வரை திருப்பி, அதன்பின் எதிர்த்திசையில் மிக மெதுவாகத் திருப்பவேண்டும். பல்பு எரியும் இடத்தில் முடுக்கிவிடுக.

கைப்பிடியால் ஸ்டார்ட் செய்வோர்க்கு ஒரு வார்த்தை: கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாகவே வைத்துக்கொள்ளவேண்டும். டைமிங் மிக முன்னதாக இருந்தால் கைப்பிடி திருப்பி அடிக்கும், மணிக்கட்டு முறியும்.

இனி, மெக்கானிக்குகளின் பழைய விதி ஒன்றை ஆராயவேண்டும். ‘மேட்டில் தட்டுச் சத்தம் கேட்கும்வரை அட்வான்ஸ் கொடு, பிறகு சிறிது குறை’ என்பது அது. பெட்ரோல் மட்டமாக இருந்த காலத்தில் அது பொருந்திற்று. அக்காலப் பெட்ரோல் ஊருக்கு ஊர் மாறியதால்தான் செவர்லே கம்பெனியார் டிஸ்டிரிபியூட்டரின் அடியில் ஆக்டேன் அளவுகோல் ஒன்றையே வைத்தார்கள். இப்போது நிலைமை வேறு. 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் நின்றது. 2025க்குள் 20 விழுக்காடு எத்தனால் கலந்தது பரவிற்று. எத்தனால் தட்டுச் சத்தத்தைத் தடுப்பது. (பழைய ரப்பர் குழாய்களை அது கெடுக்கும், அவற்றையும் மாற்றிவிடுக.) குறைந்த அழுத்தத்தில் ஓடும் அப்பழைய என்ஜின் இன்றைய பெட்ரோலில் எளிதில் தட்டாது. மலைமேல் காற்றும் லேசாகிவிடுவதால் சத்தம் இன்னும் குறைகிறது. ஆகவே காதை மட்டும் நம்பி அட்வான்ஸைக் கூட்டிக்கொண்டே போனால், சத்தம் வருமுன்பே அளவு மீறிவிடும். பிஸ்டன் மேலேறும்போதே எரிந்த வாயு அதை எதிர்த்துத் தள்ளும். சக்தி குறையும், ரேடியேட்டர் கொதிக்கும். ஒன்றும் கேட்கவில்லையே என்று இருப்பவர் ஹெட் காஸ்கெட்டை இழப்பார்.

எனவே குண்டின் அடையாளத்திலேயே தொடங்கி, மேட்டை அளவுகோலாகக் கொள்க. ஒரே பாரம், ஒரே கியர், ஜக்கனஹள்ளிக்கு அப்பால் ஒரே மைல்கல். ஏற்றத்தின் முடிவில் வேகம் எவ்வளவு, நீரின் சூடு எவ்வளவு என்று குறித்துக்கொள்க. 2 பாகை கூட்டி மறுபடி ஏறுக. வேகம் கூடினால் அது நன்று. கூடாமல் சூடு மட்டும் ஏறினால் முன்னிருந்த இடத்திற்கே திருப்பிவிடுக. மாறாக, டைமிங் பிந்தியிருந்தால் வண்டி முனகிக்கொண்டு ஏறும், புகைக்குழாய் அளவுக்கு மீறிச் சுடும், பெட்ரோல் செலவும் மிகும்.

முடிவான இடத்தில் டிஸ்டிரிபியூட்டருக்கும் என்ஜினுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இட்டுவைப்பது நலம். பாயிண்டின் அடிக்கட்டை தேயத்தேய இடைவெளி குறைந்து டைமிங் தானே பின்தங்கும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடைவெளியைச் சரிசெய்து, பல்பை மீண்டும் ஒருமுறை இணைத்துப் பார்க்கவேண்டும்.