வாயில்லா உயிர்களை மீட்பதும் வணக்கமே!

 



தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குத் தண்ணீர் புகட்டிய மனிதரின் வரலாற்றைக் கேட்காதவர் நம்மில் இரார். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள அந்நிகழ்வில் நாம் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்றுண்டு. அவர் தம் காலுறையில் நீரை நிரப்பி, அதை வாயால் கவ்விக்கொண்டு மேலேறினார். ஏன்? கிணற்றிலிருந்து ஏற இரு கைகளும் தேவை. இரக்கம் அவரைக் கிணற்றுக்குள் இறக்கிற்று; நிதானம் அவரை மேலே கொண்டு வந்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் நாயின் தாகம் தீர்ந்தது. அவருக்கும் பாவமன்னிப்புக் கிட்டியது.

இரக்கம் மட்டும் போதுமா?

2024 ஏப்ரலில் மகாராஷ்டிர மாநிலம், அன்றைய அஹமத்நகர் மாவட்டத்தின் வாக்டி கிராமத்தில், சாண எரிவாயுக் குழியாகப் பயன்பட்ட பாழுங்கிணற்றில் பூனை ஒன்று விழுந்தது. அதைக் காப்பாற்ற ஒருவர் இறங்கினார். அவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்கினார். இவ்வாறு ஐந்து பேர் மாண்டனர். இடுப்பில் கயிறு கட்டி இறங்கிய ஒருவர் மட்டும் உயிருடன் மேலே தூக்கப்பட்டார்.

அவர்களின் இரக்கத்தில் குறை ஏதுமில்லை. ஆனால் சாணமும் இலைதழையும் அழுகும் கிணற்றின் அடியில் நச்சு வாயு தேங்கும்; பிராணவாயு குறையும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆபத்து, இறங்கியவரை நொடியில் மயக்கிவிடும். தம் கைகளாலேயே தம்மை அழிவில் போட்டுக்கொள்வதைத் திருமறை (2:195) தடுத்திருப்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

கும்பகோணத்தைச் சூழ்ந்த நம் காவிரிப் படுகையில் ஆடு, மாடு இல்லாத சிற்றூர் அரிது. கைப்பிடிச் சுவரற்ற பழங்கிணறுகளும், சேறு நிறைந்த வாய்க்கால்களும் எங்கும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல் எத்தனை கால்நடைகளைப் பலிகொண்டது என்பதை டெல்டா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய வேளைகளில் முதலில் ஓடிவருபவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளே. அவர்களுக்கு நாம் என்ன கற்பித்திருக்கிறோம்?

மீட்பிலும் இஹ்ஸான்

அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. எதையும் அழகுறச் செய்வதே இஹ்ஸான். அறுப்பதற்கே கருவியும் முறையும் சரியாக இருக்க வேண்டுமெனில், காப்பாற்றுவதற்கு எவ்வளவு வேண்டும்!

கிணற்றில் விழுந்த மாட்டின் கழுத்தில் கயிறிட்டு இழுத்தால் மூச்சு முட்டி இறந்துவிடும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் அடியில் அகன்ற பட்டையைக் கொடுத்து, கப்பியாலோ கிரேனாலோ மெல்லத் தூக்க வேண்டும். சேற்றில் புதைந்த காலை வலிந்து இழுத்தால் மூட்டு நழுவும். காலைச் சுற்றித் தண்ணீர் விட்டுச் சேற்றை இளக்க வேண்டும். மீட்ட மாட்டைப் பக்கவாட்டில் கிடத்திவிட்டால் வயிறு உப்பி உயிர் போகும்; நெஞ்சு தரையில் படியுமாறு நிமிர்த்தி அமர்த்த வேண்டும். கூச்சலிடும் கூட்டத்தை விலக்குவதும் மீட்புப் பணியே.

2020 நவம்பரில் தர்மபுரி மாவட்டம் பஞ்சப்பள்ளி அருகே கிணற்றில் விழுந்த யானையை, மயக்க ஊசி செலுத்தி, பல மணி நேரம் போராடி, கிரேன் கொண்டு உயிருடன் மீட்டார்கள். அவசரத்தால் ஆகாதது, அறிவாலும் பொறுமையாலும் ஆயிற்று.

நாய் என்றால்?

"நாயைத் தொட்டால் அசுத்தமாயிற்றே" என்று சிலர் தயங்குவர். ஷாஃபிஈ மத்ஹபில் ஈரத்துடன் தொட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் உமிழ்நீர் பட்ட இடத்தைக் கழுவினால் போதும். அசுத்தம் கழுவினால் போய்விடும். போன உயிர் திரும்பாது. மன்னிப்புப் பெற்ற அந்த மனிதர் நீர் புகட்டியதும் ஒரு நாய்க்குத்தானே!

நாம் செய்ய வேண்டியவை

எந்த உயிர் கிணற்றில் விழுந்தாலும் முதலில் தீயணைப்பு மீட்புப் பணித் துறையை 101 என்ற எண்ணில் அழையுங்கள். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962. அவர்கள் வரும்வரை யாரையும் உள்ளே இறங்க விடாதீர்கள். பேரிடர்ப் பணிக்கென 2016-இல் தொடங்கப்பட்ட ஆப்த மித்ரா போன்ற தன்னார்வலர் பயிற்சிகள் கிடைக்கும்போது பிள்ளைகளை அனுப்புங்கள். பயிற்சி பெற்ற நான்கு இளைஞர்களும், ஒரு நல்ல வடக்கயிறும், அகன்ற பட்டையும் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கட்டும். பாழுங்கிணறு யாருடைய நிலத்தில் இருந்தாலும் அதை மூடச் சொல்வது ஜமாஅத்தின் கடமை.

தாய்மார்களே! இரக்கமுள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள். கற்றுக்கொண்டு செல்லச் சொல்லுங்கள். அவன் போய்க் காப்பாற்றவும் வேண்டும், உங்களிடம் திரும்பி வரவும் வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களில் இரக்கத்தையும், கைகளில் திறனையும் தந்தருள்வானாக! ஆமீன்.