ஒரே பேர் இருந்தா சொந்தக்காரங்களா?

'காந்தி' (1982) படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோவும், டிவியில் விலங்குகளைப் பற்றிச் சொல்லிப் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோவும் அண்ணன் தம்பிங்க. 'அட்டன்பரோ' அவர்களின் குடும்பப் பெயர். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கத்தில் இருக்கும் ஒரு கிராமத்தின் பேர் அது!

'ஸ்மித்' என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்ததால், அங்கே லட்சக்கணக்கில் ஸ்மித்துகள் இருக்காங்க. எல்லாரும் சொந்தக்காரங்க இல்லை. ஆனால் அட்டன்பரோ அபூர்வமான பேர்.

குடும்பப் பெயர் அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும். ஒய் குரோமோசோமும் அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும். லெஸ்டர் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2009-இல் இரண்டையும் ஒப்பிட்டாங்க. சோதித்த அட்டன்பரோ ஆண்களில் 100-க்கு 87 பேருக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம்! அதாவது, அவங்க எல்லாருக்கும் மூதாதை ஒருவரே. ஸ்மித்துகளிடம் இந்த ஒற்றுமை இல்லை.

பேர் எவ்வளவு அபூர்வமோ, அவ்வளவு நெருக்கமான சொந்தம்!